நோட்டீசில் இல்லாத வரி

புது அச்சு மையின் வாடை கிட்டத்தட்ட மண்ணெண்ணெய் வாடைதான். அந்த ரோஸ் காகிதத்தை மூக்கருகே கொண்டுபோனால் தும்மல் வரும். ஆடி மாதப் பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்த யாரோ எங்கள் அடி அண்ணாமலையில் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், மூணாங்கிளாஸ். அந்தப் பெருமை எனக்கு இன்றைக்கும் உண்டு, மறைப்பானேன்.

"இன்னா போட்டிருக்கு, படி," என்றார் நைனா. எங்கள் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்.

சாமி பேரால் ஆடு கோழி வெட்டாதீர்கள் என்று சொல்ல வந்த "நோட்டீஸ்" அது. எங்கள் வீட்டிலோ வெள்ளிக்கிழமை மாரியம்மனுக்கு வெட்டுவதற்கென்று ஒரு கறுப்புக் கிடா கட்டியிருந்தது. கைக்குழந்தையாயிருந்த தங்கச்சி கைகால் விறைத்து "இழுப்பு" வந்து பிழைத்தபோது அம்மா நேர்ந்துகொண்டது. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலைக் கொடியை என் கையால் தின்று வளர்ந்த கிடா. என் குரல் கேட்டால் தலையைத் தூக்கும்.

"தாய்மார்களே" என்று தேனாய்த்தான் ஆரம்பித்தது அந்தக் காகிதம். "உன் பிள்ளையின் கழுத்தில் கத்தி வைத்தால் பார்த்துக்கொண்டு நிற்பாயா?" என்று அடுத்தாற்போல் கேட்டது, மாட்டேன் என்பதைத் தவிர வேறு பதில் சொல்ல விடாத கேள்வி. அப்புறம் வெட்டினவன் கை விளங்காமல் போனது, வெட்டின ஊரில் மழை நின்றது என்று ஒரே மிரட்டல். ஆட்டுக்கு வலிக்கும் என்பதற்கு ஒரே ஒரு வரிதான், மிச்சமெல்லாம் நமக்கு என்ன ஆகும் என்பது. இதெல்லாம் இப்போது யோசித்துச் சொல்கிறேன். மிரட்டல் ஆரம்பித்த இடத்தில் அம்மா புடைப்பதை நிறுத்தி முறத்தைக் கீழே வைத்தாள்; அன்றைக்கு என் கண்ணில் பட்டது அது மட்டும்தான்.

நைனா சிரித்தார். "இத்தன வருசமா வெட்டுறோம், என் கைக்கு இன்னா வந்துச்சு? சோறு அள்ளும்போது ஜாஸ்தியாத்தான் அள்ளுது."

அந்தச் சிரிப்பிலேயே கிடா போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது. காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல், அதே ராகத்தில், "இதைக் கேட்ட பிறகும் வெட்டுகிறவர் வீட்டில் கடைசிக் குழந்தை தங்காது" என்று படித்தேன். அப்படி ஒரு வரி அதில் கிடையாது.

வெள்ளிக்கிழமை பொங்கல் மட்டும் வைத்தார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் தங்கச்சிக்குக் காய்ச்சல் ஏறி, மறுபடியும் இழுப்பு வந்தது.

"தரேன்னு சொல்லி ஆத்தாள ஏமாத்திட்டோம்," என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கலாமென்றால், "நேந்தது நிக்கும்போது வாசப்படி தாண்டினா வழியிலயே புடுங்கிக்குவா," என்று குறுக்கே நின்றாள். நைனா கத்தியை எடுத்துக்கொண்டு கிடாவிடம் போவார், நிற்பார், திரும்பி வருவார். வெட்டினால் காகிதம் சொன்னபடி குழந்தை போகும், வெட்டாவிட்டால் ஆத்தாள் எடுத்துக்கொள்வாள். தங்கச்சியின் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. என் வாயிலிருந்து வந்த ஒரு வரி கையும் காலும் முளைத்து வீட்டுக்குள் நிற்கிற மாதிரி இருந்தது.

"நைனா, அந்தக் கடைசி வரி அதுல இல்ல. நானா சொன்னேன்."

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. கூரையில் செருகியிருந்த காகிதத்தை உருவி என் முகத்துக்கு நேரே பிடித்தார். "எதுடி பொய்யி? அன்னிக்கு சொன்னதா, இப்ப சொல்றதா?" அவருக்கு அதில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. மேலும் கீழுமாகத் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பயத்தை அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

காகிதத்தோடு டீக்கடைக்கு ஓடினார். கடைக்காரர் முழுக்கப் படித்து அப்படி ஒரு வரி இல்லை என்றாராம். ஓடி வந்த வேகத்தில் கிடாவை வெட்டினார். அம்மா வழிவிட, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். தங்கச்சி பிழைத்தாள். அம்மா கடைசிவரை கிடாவால் பிழைத்தாள் என்பாள், நைனா ஊசியால் என்பார். "நீ படிச்சி எங்கள மிரட்டினது போதும்," என்று என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார். அதற்கு மேல் நான் படிக்கவில்லை.

இப்போது பௌர்ணமிக்கு ரோஸ் காகிதம் நீட்டுகிறவர்கள் யாரும் வருவதில்லை. எல்லாம் போனில் வருகிறது. வேங்கிக்காலில் குடியிருக்கும் தங்கச்சிக்கு இதெதுவும் தெரியாது, நான் சொன்னதில்லை. போன வாரம் வந்தவள், "கண்ணு மங்குதுக்கா, படிச்சுக் காட்டு," என்று போனை நீட்டினாள். அன்பாய் இருங்கள், எந்த உயிரையும் அடிக்காதீர்கள் என்று நல்லதாகத்தான் இருந்தது. ஒவ்வொரு எழுத்தாய்க் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தேன். அடியில், இதைப் பத்துப் பேருக்கு அனுப்பாதவர் வீட்டில் சாவு விழும் என்று போட்டிருந்தது. அங்கே நிறுத்திவிட்டேன்.

"அவ்ளோதானாக்கா?"

"அவ்ளோதான்."

அவள் நம்பிப் போனை வாங்கிக்கொண்டாள். அந்த வரி அவள் கண்ணில் பட்டுவிடுமோ என்ற பயம் எனக்குத்தான், அவள் போகும்வரை.