ஏற்றுக்கொள்கிறோம் என்று எழுதிய மனு

மே மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்கு என் நாட்குறிப்பில் இருப்பது இவ்வளவுதான்: "வேலூர்ப் பட்டியலில் பெயர் இல்லை. வெயில்." வெயிலை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. மாதனூரில் மே மாத வெயில் ஒரு செய்தியே இல்லை. எழுத வேண்டியதை எழுத முடியாதபோது கை பக்கத்தில் இருப்பதை எழுதிவிடுகிறது போலும்.

மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். வேலூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் படிக்க வேண்டும் என்பது அவள் இரண்டு வருடத்து ஆசை. பள்ளியில் ஒருமுறை காவலூருக்கு, பெரிய தொலைநோக்கியைக் காட்டக் கூட்டிப்போனார்கள். அன்று மேகம் மூடி ஒரு நட்சத்திரமும் தெரியவில்லை. மற்ற பிள்ளைகள் முறுக்கு தின்றுவிட்டுத் திரும்பினார்கள். இவள் மட்டும் வீட்டுக்கு வந்து, மேகத்துக்கு மேலே இருப்பதைப் படிக்கப்போகிறேன் என்றாள். ஒன்றும் தெரியாமல் போன நாளில் ஒருத்திக்கு ஆசை பிறந்தது எனக்கு வேடிக்கையாக இருந்ததால் அந்தத் தேதியைச் சிவப்பு மையில் எழுதி வைத்தேன்.

பட்டியலில் பெயர் இல்லை என்று தெரிந்த அடுத்த வாரமே வாணியம்பாடிப் பக்கம் இன்னொரு கல்லூரியில் சேர்த்துவிட்டோம். அங்கே இயற்பியல் இடங்கள் முடிந்துவிட்டிருந்தன. பி.காம். மட்டும் இருந்தது. கட்டணம் கட்டி, மதிப்பெண் பட்டியலையும் டிசியையும் அசலாகக் கொடுத்துவிட்டு வந்தோம். பி.காம். படித்த பெண்களை எங்கள் கம்பெனியில் நிறையப் பார்க்கிறேன். ஷிப்பிங் பிரிவில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எத்தனை ஜோடி ஷூ எந்தக் கப்பலில் போகிறது என்று தட்டச்சு செய்கிறார்கள். கெட்ட வேலை இல்லை. ஆனால் அந்த அறைக்கு எதிரேதான் நான் ஆம்பூரில் இத்தனை வருடமாக நிற்கிறேன், தரப்பரிசோதனை மேசையில். வரும் வழியில் மகள் கேட்டாள், "உன் டேபிள்லேருந்து அந்த ரூமு எத்தன அடிம்மா?"

அன்று சாயங்காலம் காகிதங்களை அடுக்கும்போதுதான் வேலூர் விண்ணப்பத்தின் நகலை அவள் முழுதாகப் படித்தாள். இயற்பியலில் அவள் வாங்கியது எண்பத்தொன்பது. விண்ணப்பத்தில் அறுபத்தொன்பது என்று இருந்தது.

விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தது மாதனூர்ச் சாலையில் இருக்கும் நெட் சென்டரில். நான் வேலையில் இருந்தேன். என் கணவர் எங்கள் கம்பெனிக்குக் கிராமங்களிலிருந்து ஆள் ஏற்றும் பேருந்தை ஓட்டுகிறார். இரண்டு நடைக்கு நடுவே மகளை அங்கே இறக்கிவிட்டு, வாசலில் பேருந்தை நிறுத்தி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். கணினியில் இருந்த பையன் அந்தச் சத்தத்தில் வேகவேகமாகத் தட்டினான். இவளும் சரி பார்க்காமல் ஓடி ஏறிக்கொண்டாள்.

"நீ ஹாரன் அடிச்சது இருபது மார்க்குப்பா" என்றாள் அவரிடம்.

அவர் என்னைப் பார்த்தார். "கம்பெனில ஒரு தையல் விலகி இருந்தா தூக்கித் தனியா போடற. ஊட்டுல ஒரு பேப்பர பாக்கல. என்னைச் சொல்ல வந்துட்டாங்க." அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. யாருக்கும் சண்டை போடத் தெம்பு இல்லை.

மேல்முறையீட்டுக்கு இடம் உண்டு என்று கல்லூரியின் இணையதளத்தில் போட்டிருந்தார்கள். கடிதத்தை நான்தான் எழுதினேன். வீட்டில் எழுதுவது என் வேலை. ரேஷன் கடையில் ஆரம்பித்து மின்வாரியம் வரை எல்லா மனுவும் என் கையெழுத்துதான். அதற்கு ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறேன். பழைய கல்வெட்டுகளில் ஆட்சியாண்டைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வார்கள். நானும் தேதியை முதலில் சொல்லிவிடுவேன்.

மற்ற ஒழுங்கு கம்பெனியில் கற்றது. வெளிநாட்டு ஆர்டர் ஒன்றை வாங்குபவரின் பரிசோதகர் தள்ளிவிட்டால், அந்தச் சரக்கை 'ஹோல்டு' என்று அட்டை கட்டித் தனி ரேக்கில் வைப்போம். ஒவ்வொரு ஜோடியாகத் திரும்பப் பிரித்துப் பார்ப்போம். பிறகு கடிதம் போகும். பரிசோதகர் சொன்னது தவறு என்று அந்தக் கடிதத்தில் ஒருபோதும் எழுதக் கூடாது. அவர் சொன்னது தவறாகவே இருந்தாலும் எழுதக் கூடாது. "தங்கள் கவனிப்பை ஏற்றுக்கொள்கிறோம். குறை எங்கள் பக்கம். சரிசெய்துவிட்டோம். மறுபரிசோதனைக்கு வேண்டுகிறோம்." இப்படி எழுதினால் மறுநாளே வந்து பார்ப்பார்கள். எதிர்த்து எழுதிய ஒரு சூப்பர்வைசரின் சரக்கு மழைக்காலம் முடியும்வரை ரேக்கிலேயே பூசணம் பிடித்துக் கிடந்தது.

மகளுக்கும் அப்படித்தான் எழுதினேன். பட்டியல் சரியானதே என்பதை ஏற்றுக்கொள்கிறோம். மதிப்பெண்ணைத் தவறாகப் பதிந்தது முழுக்க எங்கள் பிழை. சரியான மதிப்பெண்ணை இத்துடன் இணைத்துள்ளோம். மறுபரிசீலனைக்கு வேண்டுகிறோம். எழுதி முடித்து உரக்கப் படித்தேன். கணவர் நல்லா இருக்குது என்றார். மகள் கையெழுத்துப் போட்டாள்.

பக்ரீத் முடிந்த வாரம் வியாழக்கிழமை நேரில் வரச் சொல்லி வேலூரிலிருந்து தகவல் வந்தது. கம்பெனியில் பண்டிகைக்குப் போனவர்கள் பாதிப் பேர் திரும்பவில்லை. லீவு கேட்க வாயே வரவில்லை. கேட்டேன். மேலாளர் தலையை மட்டும் ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு அடுத்த வாரம் கூடுதல் நேரம் நிற்க வேண்டும் என்று பொருள்.

கல்லூரி வேப்பமரத்தடியில் எங்களைப் போலவே பல குடும்பங்கள். அப்பாக்கள் சான்றிதழ் ஃபைலைக் கையில் பிடித்திருந்தார்கள், பிள்ளைகள் தரையைப் பார்த்திருந்தார்கள். எங்களைக் கூப்பிடும்போது மதியம் ஆகிவிட்டது. உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்த பேராசிரியை என்னைவிட இளையவர், அவருக்கும் களைப்பு. என் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"அம்மா, விண்ணப்பத்தோட மார்க் ஷீட் நகலும் ஏத்தியிருக்கீங்க. அதுல எண்பத்தொன்பதுன்னு தெளிவா இருக்கு. நாங்க ஒப்பிட்டுப் பாத்திருக்கணும்னு நீங்க கேட்டிருந்தா, நாங்க பதில் சொல்லியே ஆகணும்."

நான் அதைத்தான் கேட்கிறேன் என்றேன்.

"இதுல அப்படி இல்லையே. பட்டியல் சரி, பிழை எங்களுதுன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. விண்ணப்பம் போட்டவங்க பிழைக்கு மேல்முறையீடு கிடையாது. விதியிலயே இருக்கு." கடிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். என் கையெழுத்து எனக்கே மிக அழகாகத் தெரிந்தது.

வேறு கடிதம் எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். மனு வாங்கும் நாள் முடிந்துவிட்டது என்றார். பிறகு மகளைப் பார்த்தார். கொஞ்சம் இறங்கிய குரலில், யாராவது விலகினால் ஓர் இடம் வரலாம், காத்திருப்போர் வரிசையில் போடலாம் என்றார். "ஆனா ஒரிஜினல் டிசி இங்க இருக்கணும். திங்கக்கெழமைக்குள்ள. வரும்னு நான் உறுதி சொல்ல மாட்டேன்."

திரும்பும் பேருந்தில் ஜன்னல் பக்கம் மகள். பேருந்து பள்ளிகொண்டாவைத் தாண்டியது.

"தப்பு நம்மளுது மட்டும் இல்லைம்மா" என்றாள். "அவங்களும் பாக்கல. நீ ஏன் எல்லாத்தையும் நம்ம மேல இழுத்துப் போட்டுக்கற?"

அப்போதே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன். லெட்டர்னா நீதான." சற்றுக் கழித்து, "நான் ஷூ இல்லம்மா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

வாணியம்பாடிக் கல்லூரி முஸ்லிம் நிர்வாகம், அதற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அந்த ஒரு நாள் முழுவதும் டிசி என்ற சொல் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. டிசியை எடுத்தால் பி.காம். இடம் போய்விடும். எடுக்காவிட்டால் வேலூர் வரிசையில் இடமில்லை. கணவருக்குத் தெளிவாக இருந்தது. "கைல இருக்கறத வுட்டுட்டு, யாரோ ஒருத்தன் வெலகுவானான்னு பாத்துனு உக்காரச் சொல்றியா? பேஜாரு வேணாம்." எனக்கு எடுத்துவிட வேண்டும் என்று இருந்தது. என் கடிதம் மூடிய கதவை எதைக் கொடுத்தாவது நானே திறக்க வேண்டும். மகளைக் கேட்டால், நாளைக்குப் பாக்கலாம் என்று புரண்டு படுத்தாள். டிசி கேட்டு ஒரு கடிதம் எழுதிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். இந்த முறை இரண்டே வரி. எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலை வாணியம்பாடிக் கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளர் மட்டும் இருந்தார். வெள்ளைத் தாடி, காதில் பேனா. சேர்க்கையின்போதே இவளை உருதுவில் 'பேட்டி', மகளே, என்று கூப்பிட்டு அன்பாகப் பேசியவர். டிசி வேண்டும் என்று நான் ஆரம்பித்ததும் கையை உயர்த்தினார்.

"வேலூரா?"

ஆமாம் என்றேன்.

"கெடச்சிடுச்சா, கெடைக்கும்னு சொன்னாங்களா?"

இரண்டாவது என்று மகள் சொன்னாள்.

அவர் பேனாவை எடுத்து மேசையில் வைத்தார். "தப்பா நெனச்சுக்காத பேட்டி. டிசி உன்னுது, கேட்டா குடுத்துதான் ஆகணும். குடுத்தா சீட்டு கேன்சல். பி.காமுக்கு வெளிய ஆள் நிக்குது, ஜாஸ்தி நேரம் காலியா இருக்காது. முந்தாநேத்து மேத்ஸ்ல சேர்ந்த ஒரு பொண்ணு வந்து வாங்கினு போய்ட்டா. உன்னை மாதிரியே. வேலூர்ல கெடைக்கும்னு சொன்னாங்களாம்."

என் கை பைக்குள் கடிதத்தின் மேல் இருந்தது. மகள் மேசைக்கு இன்னும் அருகே போனாள்.

"அந்த சீட்டு இருக்குதா சார்?"

"எது?"

"மேத்ஸ். அவ விட்டது."

அவர் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இருக்கிறது, இன்னும் யாருக்கும் சொல்லவில்லை என்றார். மூன்று பாட மதிப்பெண்ணையும் கேட்டார். இவள் சொன்னாள். எண்பத்தொன்பதைச் சொல்லும்போது கொஞ்சம் அழுத்தினாள்.

"மேத்ஸ்ல பிசிக்ஸ் வருமா சார்?"

"துணைப்பாடமா வரும். லேபும் உண்டு. கம்மிதான், ஆனா உண்டு."

அவள் என் பக்கம் திரும்பினாள். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று காத்திருப்பதுபோல் தெரிந்தது. வேலூரில் திங்கட்கிழமை வரை காலம் இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். ஆனால் பைக்குள் கடிதத்தை விட்டுவிட்டுக் கையை வெளியே எடுத்தேன்.

"இதுவே போடுங்க சார்" என்றாள்.

பாடத்தை மாற்றக் கேட்டு ஒரு கடிதம் வேண்டும் என்றார். நான் பேனாவைத் திறந்தேன். மகள் அதை என் கையிலிருந்து வாங்கி, நின்றபடியே தானே எழுதினாள். தேதியைக் கடைசியில்தான் போட்டாள்.

கல்லூரி திறந்து முதல் நாள் சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்ததும் எப்படி இருந்தது என்று கேட்டேன். நான் அன்று கூடுதல் நேரம் நின்றுவிட்டு வந்திருந்தேன். கால் இரண்டும் வீங்கியிருந்தன. பரவால்ல என்றாள். காவலூர் மலை அங்கிருந்து கிட்டத்தான் என்று வகுப்பில் யாரோ சொன்னார்களாம். பையைக் கழற்றி மாட்டிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அட்டென்டன்ஸ் நோட்டுல அந்தப் பொண்ணு பேர அடிச்சுட்டு அதுக்கு மேல எம் பேர எழுதியிருக்காங்கம்மா. அடிச்சதுக்கு அடியில படிக்கவும் முடியுது. மேடம் கூப்புடும்போது ஒரு தடவ அவ பேரயே கூப்புட்டாங்க."

நீ என்ன செய்தாய் என்றேன்.

"யெஸ் மேம்னு சொல்லிட்டேன்."

அந்தப் பெண்ணுக்கு வேலூரில் கிடைத்ததா என்று எங்களுக்குத் தெரியாது. கண்காணிப்பாளரிடம் ஒருநாள் கேட்க வேண்டும் என்று மகள் சொல்லிக்கொண்டே இருக்கிறாள், இன்னும் கேட்கவில்லை. நாட்குறிப்பில் அந்தச் சனிக்கிழமையின் கீழ் அதற்கென்று ஒரு வரி விட்டு வைத்திருக்கிறேன்.