மூன்றாவது டக்

அந்தப் பழைய பிக்கப் வண்டியில், முன்விளக்கின் வெளிச்சத்தைத் தாழ்த்துகிற பொத்தான் தரையில் இருந்தது. எதிரே வண்டி வந்தால் இடது காலால் மிதிக்க வேண்டும். சலவைக்காரருக்கோ இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ஆயில் மாற்ற விட்டிருந்த வண்டியை எடுத்துக்கொண்டு அவரும் மனைவியும் பொழுது சாய்கிற நேரத்தில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். எதிரே ஒரு லாரி வந்தது. பழக்கத்தில் அவர் இல்லாத காலைத் தூக்கினார். தொடை மட்டும் எழுந்து அடங்கியது. பக்கத்தில் இருந்தவள் பார்க்காதது போலக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. ஸ்டியரிங்குக்குக் கீழே, விரல் எட்டுகிற இடத்தில், புதிதாக ஒரு சின்ன சுவிட்ச். அவரும் பார்த்தார். தட்டினார். வெளிச்சம் தாழ்ந்தது. லாரி கடந்து போயிற்று.

மறுநாள் அவள் பட்டறைக்குப் போனாள்.

"அண்ணே, அந்த சுவிட்ச்..."

"எந்த சுவிட்ச்?"

"தரையில இருந்தது மேல வந்திருக்கே."

"எலி இழுத்து மேல வச்சிருக்கும். பழைய வண்டியில எலி ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் வண்டிக்கு அடியில் போய்விட்டார்.

அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. செய்ததைச் சொல்லிக் காட்டாத மனிதர் அவர். ஆண்டவன் சிலரை அப்படிப் படைத்து, நம் கண்ணுக்கு எதிரிலேயே நடமாட விடுகிறான்.

ஊரில் அவரை டக்கண்ணன் என்பார்கள். பஸ் டிப்போவில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். பிறகு தகரக்கூரை போட்டு சொந்தமாக ஒரு பட்டறை. மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று, பிள்ளைகள் இல்லை. பட்டறைக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு கட்டில், பாடாத ஒரு ரேடியோ. கழற்றுகிற போல்ட்டுகளை முட்டை அட்டையின் குழிகளில் வரிசை தப்பாமல் வைப்பார். எந்த வேலையைத் தொடங்கும் முன்பும் கண்ணை மூடி ஒரு நிமிஷம் நிற்பார். என்ன வேண்டிக்கொள்கிறீர்கள் என்று அவள் ஒருமுறை கேட்டாள். "போன வண்டியில பண்ணின தப்பை இந்த வண்டியில பண்ணக் கூடாதுன்னு" என்றார்.

டக்கண்ணன் என்ற பெயர் வந்த கதை இது. கிளட்ச் இல்லாமல் தானாகக் கியர் மாறுகிற பெட்டியைப் பிரித்து மாட்ட அந்தப் பக்கத்தில் அவரை விட்டால் ஆள் இல்லை. அந்தப் பெட்டியின் வாயில் கன்வெர்ட்டர் என்று ஒன்று உட்கார வேண்டும். பூசணிக்காய் போலப் பருத்த இரும்பு. தண்டில் மாட்டி மெல்லச் சுற்றினால், ஒவ்வொரு பல்லாகப் பொருந்தி உள்ளே இறங்கும். ஒவ்வொரு இறக்கத்துக்கும் டக் என்று ஒரு சத்தம். மொத்தம் மூன்று விழ வேண்டும். இரண்டோடு விட்டுவிட்டுப் பெட்டியை இன்ஜினோடு சேர்த்து முறுக்கினால், உள்ளே இருக்கிற பம்ப் நொறுங்கிப் பெட்டியே பாழ். அதனால் யார் எதற்கு அவசரப்படுத்தினாலும், "இரு, மூணு டக்கும் விழட்டும்" என்பார். வெந்நீர் கொதிக்கவில்லை என்றாலும் அதையேதான் சொல்வார்.

சலவைக்காரர் வீட்டில் துவைப்பது ஆஸ்பத்திரித் துணி. படுக்கை விரிப்பு, போர்வை, தலையணை உறை. வெளுத்து, மடித்து, விடிந்ததும் பிக்கப்பில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அந்த வண்டியும் கிளட்ச் இல்லாமல் தானாகக் கியர் மாறுகிறதுதான். ஒருநாள் மேட்டில் ஏறும்போது அது நின்றுவிட்டது. இன்ஜின் உறுமியது, சக்கரம் அசையவில்லை.

"சத்தம் மட்டும் போடுது, இருந்த இடத்தை விட்டு நகர மாட்டேங்குது. என்னை மாதிரியே" என்றார் கணவர்.

டக்கண்ணன் பெட்டியின் எண்ணெயை வடித்துப் பார்த்தார். சிவப்பாக இருக்க வேண்டியது கறுத்துப்போய்க் கருகல் நாற்றம் அடித்தது.

"பெட்டி போயிடுச்சு மாப்ளே."

அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்ட நாளிலிருந்து அவள் கணவர் அவருக்கு மாப்பிள்ளை.

பார்த்தவர்கள் எல்லாம் ஒரே யோசனைதான் சொன்னார்கள். கையால் மாற்றுகிற கியர்பெட்டியைப் போட்டுவிடுங்கள், அது எங்கேயும் கிடைக்கும். கிடைக்கும்தான். ஆனால் அதற்குக் கிளட்ச் மிதிக்க இடது கால் வேண்டுமே.

"அதையே போட்டுடுங்க மச்சான். ஓட்டறதுக்கு யாரையாவது வச்சுக்கலாம். நான் வீட்டுல உக்காந்து துணி மடிக்கிறேன்."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கால் போன பிறகு நான்கு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மனிதர் அவர். பேச்சில்லை, சவரம் இல்லை. ஒற்றைக் காலால் இந்த வண்டியை ஓட்டலாம் என்று தெரிந்த அன்றுதான் எழுந்து உட்கார்ந்தார். ஸ்டியரிங் கையை விட்டுப் போனால் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார். இந்த முறை எழுப்ப அவளிடம் எதுவும் இல்லை.

டக்கண்ணன் துணியில் கையைத் துடைத்தார். "நீ மடிச்சா தங்கச்சி அதைப் பிரிச்சு மறுபடி மடிக்கணும். அவளுக்கு ரெட்டை வேலை எதுக்கு? தேடிப் பாக்கறேன்."

ஒன்பது நாள் தேடினார். அவர் ஏறி இறங்காத பழைய இரும்புக் கிடங்கு இல்லை. பத்தாம் நாள், பின்பக்கம் நசுங்கிய ஒரு பிக்கப்பிலிருந்து அதே மாதிரிப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு வந்து இறக்கினார்.

"இது ஒண்ணுதான் இருக்கு. இதைக் கெடுத்தா இன்னொண்ணு இல்ல."

மறுநாள் காலையில் கணவர் பட்டறை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். அடியில் போய்ப் பிடித்துக் கொடுக்க அவள் வந்தாள். பழைய பெட்டி இறங்கியது. புதிதாக வந்த பெட்டியை வாய் மேலே பார்க்க நிறுத்தினார்கள். கன்வெர்ட்டரைத் தூக்கும் முன் டக்கண்ணன் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, எனக்குக் காது போயி ஒரு வருஷம் ஆச்சு. வாயசைவைப் பாத்துத்தான் ஓட்டிக்கிட்டிருக்கேன். கையும் மரத்துப்போச்சு, விழறது சரியாத் தெரியலை. வெளிய தெரிஞ்சா ஒருத்தரும் வண்டி விட மாட்டாங்க. நீ எண்ணிச் சொல்லு."

அவள் தலையை ஆட்டினாள்.

அவர் சுற்றினார். டக். சற்றுப் பொறுத்து, டக். பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. ஆண்டவனே, விழட்டும் என்று நினைத்துக்கொண்டு அவளும் ஒரு கை கொடுக்கக் குனிந்தாள். டக்.

"மூணு, அண்ணே!"

அவர் அவள் உதட்டைப் பார்த்துத் தலையசைத்தார். கன்வெர்ட்டர் நழுவாமல் கம்பி கட்டி, பெட்டியை ஜாக்கில் வைத்து ஏற்றினார்கள். அது மெதுவாக மேலே போய், முன்னால் நகர்ந்து, இன்ஜினைத் தொடுவதற்கு ஒரு விரல் இடைவெளி இருக்கும்போது நின்றுவிட்டது.

வாசலிலிருந்து கணவர் எட்டிப் பார்த்தார். "ஒரு விரல்தானே மச்சான்? ரெண்டு போல்ட்டைப் போட்டு இறுக்குங்க, தானா ஒட்டிக்கும்."

அவர் வாயசைவைப் படித்த டக்கண்ணன் ஸ்பானரைக் கையில் எடுக்கவில்லை. அந்த இடைவெளியில் விரலை விட்டுச் சுற்றிலும் தடவிப் பார்த்தார். "நல்லா ஒட்டும். நாளைக்குப் பத்தடி ஓடும். இழுத்துச் சேக்கற வேலை இல்ல மாப்ளே இது. இடத்துல உக்காந்திருந்தா தானா வந்து சேரும்."

என்ன ஆயிற்று என்று பார்க்க அவள் முழங்காலில் எழுந்தாள். இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்து இரும்பில் இடித்தது. டக்.

அதே சத்தம்.

கணவரைத் தன் கையாலேயே சுவர்ப்பக்கம் திருப்பிப் படுக்க வைக்கப் பார்த்தோமே என்று நினைத்தாள். டக்கண்ணன் முகத்துக்கு நேராகத் திரும்பி, உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னாள். "அண்ணே, மூணாவது... என் சாவி."

டக்கண்ணன் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்து உரக்கச் சொன்னார். "மாப்ளே, தப்பு என்மேல. ஜாக்கைக் கோணலா வச்சுட்டேன். இறக்கி ஏத்தணும்."

"வயசாயிடுச்சு மச்சான் உங்களுக்கு."

அது அவருக்குக் கேட்கவில்லை. ஆனாலும் சிரித்து வைத்தார்.

பெட்டியை இறக்கி மறுபடி வாய் மேலே பார்க்க நிறுத்தினார்கள். அவள் வெளியே வந்து சாவிக்கொத்தைக் கணவர் மடியில் போட்டாள்.

"இதை எதுக்கு என்கிட்ட?"

"கனமா இருக்கு. வச்சுக்கோங்க."

திரும்பிப் போனபோது டக்கண்ணன் நீளமான ஒரு ஸ்குரூடிரைவரைத் தேடி எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். முனையைப் பெட்டியின் மேல் ஊன்றினார். கைப்பிடியைப் பல்லால் கவ்விக்கொண்டார். கண்ணை மூடினார். நீ சுற்று என்று கையால் சாடை காட்டினார்.

இரண்டு முன்பே விழுந்தாயிற்று, ஒன்றுதான் பாக்கி. அவள் சுற்றினாள். ஈரத் துணியைப் பிழிகிற கை அது, பலம் உண்டு. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து, தூங்குகிற குழந்தையைப் புரட்டுவது போலச் சுற்றினாள். ஒரு பக்கம், மறு பக்கம். வியர்வை கண்ணில் இறங்கியது. எத்தனை நேரம் என்று தெரியவில்லை. திடீரென்று அவள் கைக்குக் கீழே இரும்பு ஒரு கட்டைவிரல் ஆழம் இறங்கியது. அவள் காதில் டக் என்றது. அவருக்குப் பல் வழியாக, எலும்பு வழியாக எட்டியிருக்க வேண்டும். கண்ணைத் திறக்காமலே ஒரு விரலை உயர்த்தினார். கடைக்கண்ணில் ஈரம் இருந்தது.

இந்த முறை பெட்டி இன்ஜினோடு இடைவெளி இல்லாமல் பொருந்தியது. போல்ட்டுகளை முட்டை அட்டையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து விரலாலேயே பாதி தூரம் ஏற்றிவிட்டார். சாயங்காலம் சிவப்பு எண்ணெய் ஊற்றி, கணவர் ஏறி உட்கார்ந்து, வலது காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டு கியரைப் போட்டார். வண்டி லேசாக உடம்பைக் குலுக்கிக்கொண்டு நகர்ந்தது. தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. அதன் சத்தத்தைக் கேட்க முடியாத டக்கண்ணன் இன்ஜின் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு எடுத்துக்கொண்டு போ என்று தலையை அசைத்தார்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் ஒருநாள்கூட அந்த வண்டி நிற்கவில்லை. அவர் காது விஷயத்தை அவள் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. காது கேட்க வேண்டிய வேலை வந்தால் டக்கண்ணன், "தங்கச்சி, துணி கொஞ்சம் துவைக்கணும், வந்து எடுத்துட்டுப் போ" என்று சொல்லி அனுப்புவார். அவள் சாவிக்கொத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போவாள்.

நான்காம் வருஷம் ஒரு காலையில், துணி கொடுக்கப் போன ஆஸ்பத்திரியில், ஜன்னலோரக் கட்டிலில் அவரைப் பார்த்தாள். மூன்று நாளாக இருக்கிறாராம், யாருக்கும் சொல்லவில்லை. பாதியாகிவிட்டிருந்தார். அவர் படுத்திருந்த விரிப்பின் மூலையில் சிவப்பு நூல் அடையாளம் இருந்தது. அவள் தைத்தது. கட்டிலில் உட்கார்ந்து, அவருக்குத் தெரிகிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசினாள். வேறு பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, வீட்டுக்காரர் வண்டியோடு கீழேதான் நிற்கிறார், இப்போதே கொண்டுபோகிறோம் என்றாள்.

டக்கண்ணன் அவள் உதட்டைக் கடைசிவரை படித்தார். பிறகு கட்டிலின் இரும்புச் சட்டத்தில் விரலை மடக்கித் தட்டினார். டக். கொஞ்சம் பொறுத்து, டக். அதோடு கையை எடுத்து மார்பில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டு விழுந்தாச்சு தங்கச்சி. மூணாவது தானா விழட்டும், யாரும் இழுக்க வேணாம். நீ போயி மாப்ளையைப் பாரு, வண்டியை வெயில்ல நிறுத்தியிருக்கப் போறான்."