ஆடி வரை எரிந்த அடுப்பு

மோட்டார் வண்டி எட்டிப் பார்க்காத காலம் அது. திசையன்விளைக்குத் தெற்கே தேரி. செம்மணல், பனை, உடைமரம், இவ்வளவுதான். கற்பகத் தரு என்று பனையைக் கும்பிடுவார்கள். தின்ன, குடிக்க, கூரை போட, எரிக்க எல்லாம் அதுதான். ஆழ்வார்திருநகரிப் பக்கம் ஆற்றங்கரையில் பிறந்த எனக்கோ சுற்றிலும் சிறைக்கம்பி நட்டது போலிருந்தது.

கல்யாணமாகி வந்த முதல் பங்குனியில், கருப்பட்டிக்குப் பதநீர் காய்ச்சும் ஓலைக்குடிசையில் அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லி மாமியார் என் கையில் தீயைக் கொடுத்தாள். புது மருமகளுக்கு மரியாதை என்று பூரித்துப் போனேன். மூட்டியவள்தான் ஆடியில் அணைக்க வேண்டுமாம். அதற்குள் ஊரைத் தாண்டினால் பாளையில் பதநீர் வற்றிவிடுமாம். மூட்டிய பிறகுதான் சொன்னார்கள். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வைகாசியில் அண்ணன் வந்தார். சக்கரம் மணலில் புதைந்ததால் வண்டியைத் தூரத்தில் விட்டுவிட்டு நடந்து வந்திருந்தார். அம்மாவுக்கு முடியவில்லை, என்னைப் பார்க்க வேண்டும் என்கிறாளாம்.

"அடுப்பு அணையட்டும் தம்பி. ஆடியில அனுப்புதேன்," என்றாள் மாமியார்.

பனையடிக்கு ஓடினேன். உச்சியில் பாளை சீவிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரிடம் கெஞ்சினேன்.

"ரெண்டு நாள் சீவாம விட்டா பாளை காஞ்சிரும். நானே இந்த மரத்தை விட்டு எங்கயும் போவ முடியல, நீ வேற," என்றார்.

ஆத்திரமாக வந்தது. ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை.

அண்ணன் தனியாகத் திரும்பினார். நான் காய்ச்சினேன். உடைமுள் புகை கண்ணைக் கரித்தது, அழுவதற்கு வசதியாக இருந்தது. ஆடி வரை அம்மா தாங்குவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒருவழியாகப் பாளை ஓய்ந்தது. தண்ணீர் தெளித்து அடுப்பை அணைத்தேன். துணிமூட்டையோடு காத்திருந்தேன். தேரி மேட்டில் அண்ணன் தலை தெரிந்ததும் எதிரே ஓடினேன். கிட்டே போனதும் கால் நின்றுவிட்டது. மொட்டை போட்டிருந்தார். அதிலும் முடி ஒரு விரற்கடை வளர்ந்திருந்தது.

"எப்போண்ணே?"

"ஆனி பொறந்ததும். ஆள் விட்டோமே தாயி. நீ வரலைன்னுட்டதாச் சொன்னான்."

பின்னாலேயே வந்த மாமியார் குரலை உயர்த்தக்கூட இல்லை. "தீட்டோட அடுப்பைத் தொடக் கூடாதுல்லா. அதான் நானே சொல்லி அனுப்பிட்டேன்."

"எனக்குத் தெரியாதுண்ணே," என்றேன்.

"சரி, சரி," என்றார் அண்ணன். என் முகத்தைப் பார்க்கவில்லை.