துணை ஜனாதிபதிக்கு என்ன வேலை?

கரிப்புகையில் ஓடும் எங்கள் லாரி, ஜப்பான்காரன் பிடித்த மலாயாவில் ஒரு தேயிலைத் தோட்டத்து வளைவில் மூச்சு முட்டி நிற்கிறது. செடிகளைப் பிடுங்கிய சரிவில் ஆட்கள் மரவள்ளி நடுகிறார்கள். லூர்தம்மாள் என்ற பெண் என்னிடம் ஊர்ச் செய்தி கேட்கிறாள்.

"அமெரிக்க ஜனாதிபதி செத்துட்டாராம். ஜப்பான்காரன் பேப்பர்லயே போட்டிருக்கான்" என்கிறேன்.

"ஐயையோ, அப்ப சண்டைய யாரு நடத்துவா?"

"துணை ஜனாதிபதி பதவிக்கு வந்துட்டார்."

"அவருக்கு இத்தன நாளா என்ன வேலைங்க?"

"பெரியவருக்கு ஏதாவது ஆகுற வரைக்கும் சும்மா இருக்கணும்."

அவள் சிரித்த சிரிப்பில், தோட்டத்துக் காவலுக்கு நின்ற ஜப்பானியச் சிப்பாய் ஓடிவருகிறான். எங்கள் பேச்சில் காதில் விழுந்த சொல்லைப் பிடித்துக்கொண்டு, "அமெரிக்கா?" என்று துப்பாக்கியை என் நெஞ்சுக்கு நீட்டுகிறான்.

லூர்தம்மாள் முன்னால் வருகிறாள். "அமெரிக்கா துவான் பெசார் மாத்தி!" என்று, பெரிய துரை செத்துட்டார் என மலாயில் சொல்லி, கண்ணை மூடி, நாக்கைத் தொங்கவிட்டுச் செத்துக் காட்டுகிறாள். சிப்பாய் குலுங்கிச் சிரிக்கிறான். எனக்கு ஒரு சிகரெட் கொடுத்துவிட்டுப் போகிறான்.

லாரி கிளம்பும்போது அவள் ஓடிவருகிறாள்.

"ஐயா, அந்தத் துணை வேலை இப்ப காலியா?"

"காலிதான்."

மண்வெட்டிக் காம்பில் தாடையை ஊன்றி நிற்கும் புருஷனைக் காட்டுகிறாள். "இவரச் சேத்து வுடுங்கலா. கல்யாணம் ஆனதுலேருந்து அந்த வேலதான் பாக்குறாரு."