பன்னிரண்டாவது தட்டு

சீனா என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் மூன்று சாமான்கள்தான். அடுப்படியில் இருக்கிற சீனச்சட்டி, டப்பாவில் இருக்கிற சீனி, எங்கள் மாவு மில் வாசலில் திருஷ்டிக்காகக் கறுப்புக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட சீனாக்காரம். நான் ஏழாவதோடு நின்றவள். பூகோளப் புத்தகத்தில் சீனா எந்தப் பக்கத்தில் வந்ததோ, அதற்கு முன்னாடியே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன்.

என் மகன் கல் வியாபாரத்தில் வேலைக்குச் சேர்ந்தான். எங்கள் பக்கத்துக் கறுப்புக் கல் கப்பலேறிச் சீனாவுக்குப் போகிறது. ஆறு மாதம் என்று சொல்லி இவனும் அதோடு போனான். ஆறு வருடம் ஆயிற்று. அந்த ஆறு வருடமும் காரிமங்கலத்தில் உட்கார்ந்துகொண்டு அந்த ஊர் மழைக்கும் பனிக்கும் சேர்த்து நான்தான் பயந்தேன். டிவியில் சீனாவில் எங்கேயோ வெள்ளம் என்று காட்டினால் போதும், மில்லை நிறுத்திவிட்டுப் போன் போடுவேன். "அது ரெண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளிம்மா" என்பான். தண்ணீர் ஓடி வர எவ்வளவு நேரம் ஆகப்போகிறது என்று எனக்குள் தோன்றும்.

ஒரு நாள் அவனே போன் செய்து, ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றான். அந்த ஊர்ப் பெண். சுவான்சோ என்று ஒரு கடலோர ஊர். அவ்வளவு தூரமா என்று நான் இழுத்ததும், எனக்குத் தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு ஒரு விஷயம் சொன்னான்.

"நான் ஒண்ணும் மொத ஆள் இல்லம்மா."

அந்த ஊர் பழைய துறைமுகமாம். எத்தனையோ நூறு வருடத்துக்கு முன்னால் நம் வியாபாரிகள் கப்பலில் போய், அங்கேயே தங்கி, சிவன் கோயிலும் கட்டியிருக்கிறார்கள். கோயில் இப்போது இல்லை. அதன் தூண்களும் சிற்பங்களும் இருக்கின்றன. தமிழில் வெட்டின ஒரு கல்லும் இருக்கிறது. போட்டோ அனுப்பினான். விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பழைய எழுத்து, பாதி விளங்கவில்லை. ஆனாலும் ஏழாவது படித்த எனக்கே நாலைந்து எழுத்து அடையாளம் தெரிந்தது. அங்கே போனவர்கள் அந்த ஊரிலேயே பெண் கட்டிக் குடும்பம் நடத்தியிருப்பார்கள், அவர்கள் பிள்ளைகளின் பிள்ளைகள் இன்னும் அந்தத் தெருக்களில் இருப்பார்கள் என்றான்.

அவன் ஆறுதலுக்குச் சொன்னது எனக்கு வேறு மாதிரி தைத்தது. போனவர்கள் திரும்பி வரவில்லை என்றுதானே அதற்கு அர்த்தம்? அவர்களுக்கும் அம்மா இருந்திருப்பாள் இல்லையா? இதைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "எப்பவோ செத்துப்போனவங்களுக்கு இப்ப எதுக்கு அழுவுற?" என்று மட்டும் கேட்டார்.

பெண் இரண்டு முறை ஊருக்கு வந்து போனாள். களியை உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்கினாள், எனக்கு அத்தை என்று பெயர் வைத்தாள், இவன் சொல்லிக்கொடுத்த தமிழில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு 'ங்க' போட்டாள். பூனையைக்கூட "போங்க" என்றாள். அவள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. சிக்கல் அவள் அம்மாதான். அப்பா இல்லாத வீடு, ஒரே பெண். அம்மா இன்னும் சம்மதம் சொல்லவில்லை. நேரில் வந்து பார்த்துவிட்டுத்தான் சொல்வேன், பிடிக்கவில்லையென்றால் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று சொல்லியிருந்தார். அம்மா வேண்டாமென்றால் மீற மாட்டேன் என்று பெண்ணும் சொல்லிவிட்டாள். அவள் இல்லாவிட்டால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று இவன் வேறு.

ஆக எல்லாம் ஒரு அம்மாவின் கையில் நின்றது. அம்மாக்கள் எப்படி யோசிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அவ்வளவு பயம்.

போன தை மாதம் அந்த அம்மா வந்தார். என் வயதுதான் இருக்கும், என்னைவிட ஒல்லி. காரிலிருந்து சிவப்புத் தாள் சுற்றின பெட்டிகளை இறக்கினார்கள். எத்தனை பெட்டி என்று என் நாத்தனார் கையால் ஜாடை கேட்டார். அரூரிலிருந்து இதற்கென்றே வந்திருந்தவர். அந்த அம்மா கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் நீட்டித் துப்பாக்கி மாதிரி காட்டினார். நான் இரண்டடி பின்னால் போய்விட்டேன். அவர்கள் ஊரில் எட்டு என்பதற்கு அதுதான் ஜாடை என்று பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவர்களுக்கு ராசியான எண்ணாம்.

நாத்தனாருக்கு முகம் சுண்டிவிட்டது. "எட்டா? சனி நம்பராச்சே அண்ணி" என்று என் காதைக் கடித்தார். என் வீட்டுக்காரர் அதற்கும் அலட்டிக்கொள்ளவில்லை. ஒரு பெட்டியில் டீத்தூள் இருந்தது. அதை அப்போதே உடைத்து எல்லோருக்கும் டீ போடச் சொன்னார். மீதி ஏழு. அந்த மனிதரிடம் எனக்குப் பிடித்ததே இந்த மாதிரி இரண்டு மூன்று விஷயங்கள்தான்.

மறுநாள் காலையில் பரிசம். அதைப் பார்த்த பிறகுதான் அந்த அம்மா தன் முடிவைச் சொல்வாராம். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டார் தட்டு எடுத்துக்கொண்டு பெண் வீட்டுக்குப் போக வேண்டும். பெண் வீடு கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அதனால் எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனைப் பெண் வீடு என்று வைத்துக்கொண்டோம். கீழே நாங்கள், மேலே அவர்கள். நடுவில் பதினெட்டுப் படி.

தட்டு பன்னிரண்டு வைக்கச் சொல்லி மகன் முன்கூட்டியே சொல்லியிருந்தான். அவர்களுக்கு எல்லாம் ஜோடியாக இருக்க வேண்டுமாம். நானும் சரி என்றேன். ஆனால் விடிந்து தட்டுகளை அடுக்கினதும் திரும்பத் திரும்ப எண்ண ஆரம்பித்துவிட்டேன். என் கல்யாணத்துக்கு ஒன்பது தட்டு, நாத்தனாருக்குப் பதினொன்று. நல்ல காரியத்துக்கு இரட்டைப்படையில் தட்டு வைத்த வீட்டை நான் பார்த்ததே இல்லை. என் மகனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? யாருக்குத் தெரியப்போகிறது என்று கற்கண்டுத் தட்டை மட்டும் எடுத்து, அடுப்படியில் மாவு டின்னுக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

பதினொரு பெண்கள் பதினொரு தட்டோடு படியேறினோம். அந்த அம்மா மேலே சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். ஒவ்வொரு தட்டு உள்ளே வரும்போதும் அவர் உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று புரிந்ததுமே நான் நாத்தனாருக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். பதினோராவது தட்டைக் கீழே வைத்தாயிற்று. அவர் இன்னும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் வரவில்லை. பெண்ணிடம் ஏதோ கேட்டார். பெண் என் மகனைப் பார்த்தாள். மகன் என்னைப் பார்த்தான்.

பக்கத்தில் வந்து, "இன்னொண்ணு எங்கம்மா?" என்றான். குரலை உயர்த்தவில்லை. "அவங்க ஊர்ல ஒத்தையா கொண்டு போறது சாவு வூட்டுக்கும்மா."

கீழே ஓடினேன். டின்னுக்குப் பின்னாலிருந்து தட்டை எடுத்துக்கொண்டேன். ஆனால் அடுப்படியைத் தாண்டி ஒரு அடி வைக்க முடியவில்லை. கொண்டுபோனால் என் பயம், கொண்டுபோகாவிட்டால் என் மகனின் கல்யாணம்.

திரும்பிப் பார்த்தால் அந்த அம்மா நிற்கிறார். பின்னாலேயே இறங்கி வந்திருக்கிறார், கூடவே பெண்ணும். அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏதோ சொன்னார். பெண் தயங்கித் தயங்கித்தான் அதைத் தமிழில் சொன்னாள்.

"அம்மா கேக்கறாங்க அத்தை... என்னை வேண்டாம்னு சொல்றீங்களாங்க?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஐயோ, இல்ல கண்ணு. ரெட்டையா வச்சா எங்களுக்கு ஆகாது. எம் பையனுக்கு எதுனா ஆயிடுமோன்னு பயந்துதான் ஒளிச்சு வச்சேன். அவங்களுக்கு ஒத்தை ஆகாதுன்னு சத்தியமா தெரியாது."

பெண் சொல்லி முடிக்கும்வரை அந்த அம்மா அசையாமல் கேட்டார். பிறகு பெருமூச்சு விட்டு மெதுவாகப் பேசினார். அவரும் விடிகாலையிலிருந்து சாப்பிடவில்லையாம். ஒரே பெண்ணை இவ்வளவு தூரத்து ஆட்களுக்குக் கொடுக்கிறோமே, வாசல்படியில் தடுக்கினால்கூட அபசகுனமோ என்று பயந்துகொண்டே இருந்தாராம். எனக்கு என்னமோ கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இருந்தது.

இரண்டு பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்புறம் அவர் மேலே கையைக் காட்டி ஒன்று கேட்டார். மாடியில் வெற்றிலை மேல் மஞ்சளில் பிடித்து வைத்திருந்த பிள்ளையாரைத்தான் கேட்கிறார் என்று பெண் சொன்னாள். அந்தச் சாமிக்கு ஏன் தட்டு வைக்கவில்லை? அம்மா பிறந்த ஊரில் ஒரு அம்மன் இருக்கிறது. நாலு கை, காலடியில் ஒரு அசுரன். அங்கே எந்த நல்ல காரியம் நடந்தாலும் முதல் தட்டு அந்த அம்மனுக்குத்தான். அதுவே உங்கள் ஊர் ஆட்கள் செய்து வைத்துவிட்டுப் போன சாமிதான் என்று என் மகன் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறானாம்.

எனக்குச் சுருக்கென்றது. தட்டு எண்ணுகிற பயத்தில் பிள்ளையாருக்கு அருகம்புல்லை மட்டும் கிள்ளி வைத்துவிட்டு வந்திருந்தேன். கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தர் வந்து எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

அவரே என் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டு முன்னால் படியேறினார். பிள்ளையாருக்கு எதிரில் அதை வைத்துக் கும்பிட்டார். பிறகு நின்று ஒருமுறை எண்ணினார். பன்னிரண்டு. முகம் மலர்ந்தது. நானும் எண்ணினேன். நாத்தனாரைப் பார்த்தேன்.

"சாமி தட்டு சீர்ல சேராது அண்ணி. பதினொண்ணுதான்" என்றார் அவர்.

எல்லோரும் உட்கார்ந்தோம். அந்த அம்மா தட்டுகளைத் தொட்டு வாங்கிக்கொண்டார். அத்தோடு விட்டிருந்தால் நான் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட்டிருப்பேன். அவர் வாழைப்பழத் தட்டிலிருந்து இரண்டு பழத்தைப் பிய்த்து, இரண்டு கையாலும் என்னிடம் திருப்பி நீட்டினார். கொடுத்த சீர் திரும்பி வந்தால் எங்களுக்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். நாத்தனார் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

பெண் அவசரமாகக் குறுக்கே வந்தாள். "பயப்படாதீங்க அத்தை. எல்லாத்தையும் நாங்களே வச்சுக்கக் கூடாதுங்க. கொஞ்சம் திருப்பிக் கொடுத்தாத்தான் சம்மதம்னு அர்த்தமுங்க."

வாங்கிக்கொண்டேன். அந்த அம்மா என் கையை விடவில்லை. அங்கேயே குடியிருக்கப்போகிற பிள்ளைகள் இரண்டு பேரையும் வருடத்துக்கு ஒரு தடவை என்னிடம் அனுப்பிவைப்பதாகச் சொன்னார். நான் கேட்கவே இல்லை, அவராகவே சொன்னார்.

தட்டில் மீதி எத்தனை பழம் இருந்தது என்று எனக்குத் தெரியாது. அந்தப் பக்கமே நான் திரும்பவில்லை.