மவுசால் வரைந்த மலை

கல்லூரி ஆண்டு விழாப் பட்டிமன்றத்தில் ஓர் அணிக்கு நான் தலைமை ஏற்றிருந்தேன். ஃபிளெக்ஸ் பேனர் எங்கள் ஊருக்குப் புதிதாக வந்திருந்த காலம் அது. மேடையின் பின்புறம் எந்தப் படத்தைக் கட்டுவது என்ற பேச்சு எழுந்தபோது, விழாச் செயலாளனான என் வகுப்புத் தோழன் ஒரு சிடியை நீட்டினான். அதில் இருந்தவை அத்தனையும் அயல்நாட்டுப் பனிமலைகள். திருவண்ணாமலையில் நின்று பேசுகிறவனின் முதுகுக்குப் பின்னால் பனிமலையா என்று கேட்டேன். கேட்டதோடு நில்லாமல், நம் மலையை நானே கணினியில் வரைகிறேன், பார்ப்பவர்கள் புகைப்படம் என்றே நம்புவார்கள் என்று எல்லோர் முன்னிலையிலும் அறிவித்துவிட்டேன்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள குடுத்துடு, தலைவா. இல்லன்னா பனிமலைதான்" என்றான் அவன்.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் பக்கம், ஓர் அக்கா கணினி மையம் நடத்தி வந்தார். மனு தட்டச்சு செய்வதும் கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பதும் அவர் தொழில். சும்மா கிடந்த ஒரு கணினியை எனக்கு ஒதுக்கித் தந்தார். மவுசால் வரைவது, செங்கல்லைப் பிடித்துக் கையெழுத்துப் போடுவதற்கு ஒப்பானது. முதல் மலை பாடப் புத்தக அட்டைபோல் பச்சையாக வந்தது. பச்சையைக் குறைத்துப் பாறைகளை வைத்தேன்.

"அந்தப் பாறைய எத்தினி வாட்டி காப்பி பண்ண, தம்பி? பஸ் ஸ்டாண்டுல வண்டி நிக்கிற மாதிரி வரிசையா நிக்குது" என்றார் அக்கா.

அழித்துவிட்டு ஒவ்வொரு பாறையையும் தனித்தனியாக வரைந்தேன். தொலைவான சரிவின்மேல் மெல்லிய சாம்பல் நிறத்தைப் படரவிட்டு, வெப்பத்தில் மங்கித் தெரியும்படி செய்தேன். உச்சி வெயில் என்பதால் நிழல்களைக் குறுக்கினேன். எதுவும் பிழையில்லை; ஆனால் மொத்தமும் பொய்யாக இருந்தது. வாதங்கள் அனைத்தும் சரியாக இருந்தும் தீர்ப்பு எதிராக வருவது எனக்குப் பழக்கமில்லாத ஒன்று.

"நல்லாத்தான் இருக்குது. ஊதுபத்தி பாக்கெட் மேல போடலாம்" என்றார் அக்கா.

வெள்ளிக்கிழமை நண்பகலில் மின்சாரம் நின்றது. எரிச்சலோடு வாசலுக்கு வந்தேன். எதிரே மலை. குற்றம் கண்டுபிடிக்கும் கண்ணோடு அடிவாரத்திலிருந்து மேலே பார்த்துக்கொண்டே போனேன். பாறை, புதர், மங்கல் எல்லாம் என் படத்தில் இருந்தன. உச்சியில் பார்வை நின்றது. அங்கே வெறும் வானம். என் படத்தில் அந்த இடத்தில் தீபம் எரிந்துகொண்டிருந்தது.

அதை வைத்த நினைவுகூட எனக்கில்லை. இரண்டாம் வகுப்பிலிருந்து இந்த ஊரில் நாங்கள் அனைவரும் மலை என்றால் ஒரு முக்கோணம், அதன் தலையில் ஒரு சுடர் என்றுதான் வரைந்திருக்கிறோம். கார்த்திகை மாலையில் ஏற்றப்படும் தீபத்தை, பட்டப்பகல் வெயிலில், பக்கத்துப் பாறைமேல்கூட வெளிச்சம் விழாமல் எரியவிட்டிருந்தேன்.

மின்சாரம் வந்ததும் சுடரை நீக்கினேன். அக்கா எழுந்து வந்து பார்த்தார்.

"வெயில் அடிக்குதுப்பா" என்று கண்ணைச் சுருக்கினார்.

மாலையில் செயலாளன் வந்தான். திரையைப் பார்த்தவுடன், "தீபம் எங்கடா?" என்றான்.

"பகல்ல ஏதுடா தீபம்?"

"அது இல்லன்னா இது செஞ்சி பக்கம் ஏதோ ஒரு கல்லுமலை. முன் வரிசையில இருக்கறவங்க கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

ஒளி எந்தத் திசையிலிருந்து வருகிறது, நிழல் எப்படி விழுகிறது, தீபம் எந்த மாதத்தில் ஏற்றப்படுகிறது என்று அடுக்கடுக்காக எடுத்துரைத்தேன். குறுக்கிடாமல் கேட்டான்.

"பாயிண்ட் எல்லாம் கரெக்ட். தீபத்த வெச்சிடு." சட்டைப் பையிலிருந்த சிடியைத் தட்டிக் காட்டினான்.

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். அக்கா அமர்ந்தார். ஒரு கல்யாணப் பத்திரிகையைத் திறந்து, குத்துவிளக்கின் சுடரை மட்டும் வெட்டியெடுத்து, என் மலையின் உச்சியில் ஒட்டினார். அதற்கு அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

பட்டிமன்றத்தில் என் அணி வென்றது. மேடையை விட்டு இறங்கியபோது முன் வரிசையிலிருந்த பெரியவர் ஒருவர் என்னை நிறுத்தினார்.

"படம் நீதான் போட்டியாமே? அப்படியே நேர்ல பாக்கற மாதிரி இருக்குதுப்பா. அந்தத் தீபம் ஒண்ணு போதும்."

அது கல்யாணப் பத்திரிகையின் சுடர் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் பேனரை நோக்கிக் கைகூப்பிவிட்டார்.