ஆக்னஸ் ஏறிய டவர்

தான் புளுகுணி இல்லை என்று நிரூபிக்க ஆக்னஸுக்கு ஐந்து நாள்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை அவள் ரிட்டயர் ஆகிறாள். ஆவடியில் ராணுவத்துக்கு உடுப்பு தைக்கும் ஃபேக்டரியில் முப்பத்தேழு வருஷம் மெஷின் மிதித்தவள். அவர்கள் செக்‌ஷனில் ஒரு வழக்கம் உண்டு. ரிட்டயர் ஆகிறவரைப் பற்றிப் பக்கத்து மெஷின்காரர் மைக் பிடித்துப் பேச வேண்டும். மாலை, சால்வையெல்லாம் அப்புறம்; முதலில் மானம் போக வேண்டும்.

பக்கத்து மெஷின் பஞ்சவர்ணம், பூந்தமல்லிக்காரி. அவள் காலர் தைப்பாள், ஆக்னஸ் அதைச் சட்டையில் ஏற்றுவாள். "டவர் கதையத்தான் எடுத்து உடப் போறேன்" என்று கேன்டீனில் எல்லாருக்கும் அறிவித்துவிட்டாள்.

டவர் கதை இதுதான். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருக்கும் காட்டுக்குள் முன்பு ஓர் இரும்பு டவர் இருந்தது. கோடையில் புல் பற்றிக்கொண்டால் மேலிருந்து பார்த்துச் சொல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆக்னஸ் அதன் உச்சி வரை ஏறிக் கடலைப் பார்த்தாளாம். புதிதாக வேலைக்கு வரும் யாரும் இந்தக் கதைக்குத் தப்பியதில்லை. பஞ்சவர்ணமும் விடாமல், "அந்தக் காட்ல டவரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல" என்று வெட்டுவாள். டவரைக் கழற்றி லாரியில் ஏற்றிப்போய் முப்பது வருஷம் ஆகிறது. பார்த்தவர்கள் எல்லாம் ரிட்டயர் ஆகி அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். சாட்சிக்கு ஆள் இல்லை.

இதில் டவர் சத்தியம். கடல்தான் பொய். ஆக்னஸ் ஏறியது ஒன்பது படி. பத்தாவதில் தலை கிறுகிறுத்து, கண்ணை மூடிக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டபடியே இறங்கிவிட்டாள். இது அவளுக்கும் மாதாவுக்கும் மட்டுமே தெரியும். கொஞ்சம் உண்மை கலந்த பொய்யைக் காப்பாற்ற ஒரு மனுஷி படும் பாட்டை அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்திருக்க வேண்டும்.

பூசை முடிந்த கையோடு கோயில் சேலையிலேயே கிளம்பிவிட்டாள். மகள் ஜெபா போட்டோ எடுக்க. பஞ்சவர்ணம் தோற்றுப்போக. முட்டி வலிக்குது என்றாள் பஞ்சவர்ணம், பாம்பு கீது என்றாள். ஆக்னஸ் கையைப் பிடித்து இழுத்து ஆட்டோவில் போட்டுவிட்டாள். கேட்டில் இருந்த செக்யூரிட்டி, ரிட்டயர் ஆகப்போகிற அம்மா கேட்கிறாளே என்று ஒரு மணி நேரம் கொடுத்தார்.

கருவேலமும் ஈச்சம்புதருமாக இருந்த காட்டில் பத்து நிமிஷத்திலேயே நான்கு கான்கிரீட் தூண்கள் கிடைத்தன. ஆக்னஸ் ஓடிப்போய் ஒன்றைக் கட்டிக்கொண்டாள். முத்தம்கூடக் கொடுத்தாள். ஜெபா கேமராவை வைத்துக்கொண்டு தயங்கினாள்.

"அம்மா, அந்தப் பக்கம் 'ஆண்கள்'னு எழுதியிருக்கு."

பழைய கக்கூஸ். பஞ்சவர்ணம் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆக்னஸ் உதட்டைத் துடைத்துக்கொண்டு இன்னும் உள்ளே நடந்தாள்.

"அந்தாண்ட போவாதக்கா. ஒரே முள்ளு."

போகாதே என்று சொன்ன பக்கம் போகாமல் ஆக்னஸ் என்றைக்கு இருந்திருக்கிறாள்? சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போனாள். புதருக்கு அப்பால் சதுரமாக நான்கு கான்கிரீட் கட்டைகள், முழங்கால் உயரத்துக்கு. ஒவ்வொன்றிலும் அறுத்துவிட்ட இரும்புக் கால்.  ஆக்னஸ் அறுபது வயதில் ஒரு குதி குதித்தாள்.

ஜெபா ஒரு கட்டையின் மேலிருந்த சருகைக் காலால் தள்ளினாள். "இதுல டோக்கன் நம்பர் கிறுக்கியிருக்கும்மா. ஆனா உன்னோடது இல்ல."

அந்த ஃபேக்டரிக்காரர்கள் கை சும்மா இருக்காது. டிபன் பாக்ஸ், குடை, செருப்பு, எதில் பார்த்தாலும் டோக்கன் நம்பரைப் போட்டுவிடுவார்கள். ஆக்னஸ் குனிந்தாள். 2217. கோணல் காலர் வந்த ஒவ்வொரு கட்டின் சீட்டிலும் அவள் பார்த்துப் பல்லைக் கடித்த பஞ்சவர்ணத்தின் நம்பர். பக்கத்தில் 1830, பஞ்சவர்ணத்தின் புருஷன், கட்டிங் செக்‌ஷன் கலியமூர்த்தி. கீழே 91 என்று வருஷம். பஞ்சவர்ணத்தைக் கலியமூர்த்தி பெண் பார்க்க வந்தது தொண்ணூற்றிரண்டில். அதற்கு முன்னால் அந்த ஆள் மூஞ்சியையே பார்த்ததில்லை என்று செக்‌ஷன் முழுக்கச் சத்தியம் செய்து வைத்திருப்பவள் பஞ்சவர்ணம்.

திரும்பினால், பஞ்சவர்ணம் ஈச்சம்புதரை அக்கறையாக ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

"அப்பதான் கட்டைக்கு மறுபடி பூசியிருந்தாங்க, சிமென்ட்டு ஈரமா இருந்திச்சிக்கா" என்றாள் கடைசியில். "அந்தாளுதான் ஆணியால கிறுக்கிச்சி."

"ரெண்டு பேரும் உச்சி வரைக்கும் ஏறினீங்களா?" என்றாள் ஆக்னஸ்.

"பின்ன? டெய்லி சாப்பாட்டு டயத்துல."

"கடல் தெரிஞ்சுதா?"

"கடலாவது ஒண்ணாவது. பருத்திப்பட்டு ஏரி தெரியும். அத்தோட சரி."

"என் கடல் பொய்யின்னு இத்தனை வருஷமா உனக்குத் தெரியும்."

"சொன்னா, நீ எப்டிடி பாத்தேன்னு கேப்பியே. அதான் டவரே இல்லன்ட்டேன்."

 "நான் ஒன்பது படிதான் பஞ்சு" என்றாள் ஆக்னஸ்.

அதற்கப்புறம் யார் முதலில் சிரித்தது என்று ஜெபாவுக்கே தெரியாது. பஞ்சவர்ணம் முட்டி வலியை மறந்து கட்டையின் மேல் ஏறி நின்று, கையை நீட்டி ஆக்னஸையும் இழுத்துக்கொண்டாள். இரண்டு பேருக்கு அங்கே இடம் போதாது. ஒருத்தியை ஒருத்தி கட்டிப் பிடித்துக்கொண்டு தள்ளாடினார்கள். முழங்கால் உயரம்தான். ஆக்னஸுக்கு நிஜமாகவே தலை சுற்றியது.

"கண்ண மூடாதக்கா. தோ பாரு, ஏரி. அந்தாண்ட பனமரம்."

எதிரே கருவேலம் மட்டுமே நின்றது. ஆக்னஸ் பார்த்தாள். இறங்க மனசே வரவில்லை.

வெள்ளிக்கிழமை பஞ்சவர்ணம் மைக்கை வாங்கினாள். மானம் போவதைப் பார்க்க செக்‌ஷன் மொத்தமும் வந்திருந்தது. போன வருஷம் ரிட்டயரான கலியமூர்த்தியும் முன்வரிசையில் இருந்தார்.

"காட்ல டவரு இருந்திச்சி" என்றாள். "அக்கா உச்சி வரைக்கும் ஏறிச்சி. கடலயும் பாத்திச்சி."

கூட்டம் ஏமாந்துபோய் முனகியது. பஞ்சவர்ணம் ஆக்னஸைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டு மைக்கைக் கொஞ்சம் கிட்டே இழுத்தாள்.

"எனக்கு எப்டித் தெரியும்னா, நானும் ஏறியிருக்கேன். தொண்ணூத்தொண்ணுல."

கலியமூர்த்திக்குக் காபி புரையேறியது.